சாவி யார் கழுத்தில்?

எங்கள் ராக்கெட் சங்கத்தின் ஏவுநாளுக்கு முந்தைய வாரத்தில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடும். காற்று எப்படி இருக்கும், எத்தனை மணிக்குத் தொடங்குவோம், பெரிய மோட்டாருக்கு இடம் உண்டா. அன்றைக்கு, ராக்கெட்டை ஏற்றும் பொத்தான் உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டியின் முன்னால் யார் உட்காரப் போகிறார்கள் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பதினோரு ஆண்டுகளாகப் பொழுதுபோக்கு ராக்கெட் சங்கம் ஒன்றில் உறுப்பினராகவும், அவற்றில் கடைசி ஆறு ஆண்டுகளாக ஏவுநாள் பொறுப்பாளராகவும் இருந்துவரும் எனக்கு, கேட்கப்படாத அந்த நான்காவது கேள்விதான் மற்ற மூன்றையும்விடப் பெரியதாகத் தெரிகிறது. எங்கள் விதித்தாளில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் அதை அந்த நேரத்தில், அந்த இடத்தில் நின்று செய்ய ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வராத நாளில் அந்த வரியும் இல்லை என்றே கொள்ள வேண்டும். ஆகவே ஒரு நாளில் எத்தனை ராக்கெட் ஏற்றலாம் என்பதை நான் இப்போதெல்லாம் வானிலைக் கணிப்பைப் பார்த்துத் தீர்மானிப்பதற்கு முன்பே, வேலைப் பட்டியலில் எத்தனை பெயர் விழுந்திருக்கிறது என்பதைப் பார்த்துத் தீர்மானித்துவிடுகிறேன்.

வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்கு ஏவுநாள் என்றால் ஒரு வெட்டவெளி, வரிசையாக நிறுத்திய கம்பிகள், இறங்குவரிசையில் எண்ணும் ஒரு குரல், புகை, கைதட்டல். அந்தக் குரலுக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஐந்து பேர் வேலை செய்துகொண்டிருப்பார்கள். பதிவு மேசையில் இருப்பவர் ராக்கெட்டின் எடை, மோட்டாரின் வகை, ஏற்றுகிறவரின் தகுதி ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி வாங்குவார். அடுத்த மேசையில், நாங்கள் ஆர்.எஸ்.ஓ. என்று அழைக்கும் களப் பாதுகாப்பு அலுவலர் ராக்கெட்டைக் கையில் வாங்கிச் சோதித்து அட்டையில் கையெழுத்திடுவார். கையெழுத்தான அட்டையோடு வருகிறவருக்கு மேடைப் பொறுப்பாளர் ஏவுமேடை எண்ணைக் கொடுத்துக் கூட அழைத்துப் போவார். எல்.சி.ஓ. எனப்படும் ஏவுபவர் ஒலிபெருக்கியில் அட்டையைப் படித்து, வானத்தையும் தரையையும் ஒரு சுற்றுப் பார்த்து, ஐந்திலிருந்து எண்ணிப் பொத்தானை அழுத்துவார். அவர் அருகில் நிற்கும் இன்னொருவருக்கு, ஏறிய ராக்கெட் தரையைத் தொடும் வரை அதிலிருந்து கண்ணை எடுக்காமல் இருப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. இவர்களில் ஒருவருக்கும் சம்பளம் இல்லை. இவர்கள் ஒவ்வொருவருடைய காரிலும் பல வாரங்கள் இழைத்து, ஒட்டி, வண்ணம் பூசிய சொந்த ராக்கெட் ஒன்று காத்திருக்கிறது. தன்னார்வச் சங்கத்தின் அடிப்படைச் சிக்கலே இதுதான்: வேலை செய்ய வேண்டியவர்களும் விளையாட வந்தவர்களும் ஒரே ஆட்கள்.

எண்ணிக்கையைச் சற்று விளக்கிவிடுகிறேன். எங்களிடம் ஆறு மேடைகள் கொண்ட ஒரு வரிசை உண்டு. களத்தைத் திறந்து, ஆறு பேர் போய் ராக்கெட்டைக் கம்பியில் மாட்டி, மோட்டாரை மின்சாரத்தால் பற்றவைக்கும் இக்னைட்டரை இணைத்துத் திரும்புவதற்குப் பத்து நிமிடம் ஆகும். களத்தை மூடி ஆறையும் ஏற்ற மேலும் பத்து நிமிடம். எந்தத் தடங்கலும் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் பதினெட்டு ராக்கெட். பெரிய மோட்டார்கள் வந்தால் இந்தக் கணக்கு உடனே குலைகிறது. அமெரிக்கத் தேசிய ராக்கெட்ரி சங்கத்தின் பாதுகாப்பு விதிகளின்படி, டி வகையும் அதற்குக் கீழும் உள்ள சிறு மோட்டார்களுக்கு 15 அடி விலகி நின்றால் போதும், அதற்கு மேற்பட்ட சிறிய ரகங்களுக்கு 30 அடி. ஹெச், ஐ, ஜே மோட்டார்களுக்கு 100 அடி, கே என்றால் 200 அடி, எல் என்றால் 300 அடி, எம் என்றால் 500 அடி. ஒவ்வொரு எழுத்துக்கும் மோட்டாரின் மொத்த உந்துதல் வரம்பு இரட்டிப்பாகிக்கொண்டே போவதால், ஏ மோட்டாரின் உச்சம் 2.5 நியூட்டன்-நொடி என்றால் எம் மோட்டாரின் உச்சம் 10,240 நியூட்டன்-நொடி. அப்படிப்பட்ட ஒன்றை 500 அடிக்கு அப்பால் உள்ள மேடைக்குச் சுமந்துபோய், நிமிர்த்தி, மின்னணுக் கருவிகளை உயிர்ப்பித்துத் திரும்புவதற்குள் அரை மணி நேரம் கரைந்துவிடும். அந்த அரை மணி நேரம் முழுவதும் அங்கே ஒரு மேடைப் பொறுப்பாளர் நின்றாக வேண்டும். இங்கே இருக்கும் ஆறு மேடைகளுக்கு இன்னொருவர் வேண்டும். ஆள் இல்லையென்றால் ஒன்று, தொலை மேடையை மூட வேண்டும். அல்லது யாரோ ஒருவர் இரண்டு இடத்திலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இந்த இரண்டாவது வழியைத்தான் நாங்கள் பல ஆண்டுகள் செய்துவந்தோம், அதையே சாமர்த்தியம் என்றும் நினைத்துவந்தோம்.

அந்தச் சாமர்த்தியம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அன்று பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தவன் நானே. காலையில் தொடங்கி நான்கு மணி நேரமாக எழுந்திருக்கவில்லை. மாற்றிவிட வேண்டியவர் தன் ராக்கெட்டைத் தேடிக்கொண்டு வயல்வெளிப் பக்கம் போயிருந்தார். மூன்றாம் மேடையில் இருந்த ராக்கெட்டுக்குப் பொத்தானை அழுத்தினேன். இக்னைட்டர் ஒரு மூச்சுப் புகை விட்டு அடங்கிவிட்டது. விதிப்படி, பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் சாவியைத் திருப்பி எடுத்தேன், ஒரு நிமிடம் காத்திருக்கச் சொன்னேன், பிறகு ராக்கெட்டுக்குரியவரைப் போய்ப் புது இக்னைட்டர் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அதற்குள் பின்னால் இருந்து ஒருவர் தம்முடைய அட்டையில் மேடை எண் தவறாக இருப்பதாகச் சொல்ல, அதைத் திருத்திக் கொடுத்தேன். திரும்பினால் கையில் நான்காம் மேடையின் அட்டை இருந்தது. சாவியைப் போட்டேன், பெயரைப் படித்தேன், எண்ணத் தொடங்கினேன். ஐந்து, நான்கு, மூன்று. பதிவு மேசையிலிருந்து ஒரு அம்மாள் "ஆள் இருக்கு, ஆள் இருக்கு" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து கத்தினார். மேடைச் சட்டத்துக்குப் பின்னால், மூன்றாம் மேடையின் அடியில், ஒருவர் குனிந்து உட்கார்ந்து, இக்னைட்டரில் மாட்டும் மின்கம்பிக் கிளிப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவருடைய பத்து வயது மகன் பக்கத்தில் நின்று இக்னைட்டரை நீட்டிக்கொண்டிருந்தான். நான்காம் மேடையின் ராக்கெட் அந்தப் பையனுக்கு மூன்று அடி தூரத்தில் இருந்தது.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் கையை எடுத்தேன், சாவியை எடுத்தேன், எழுந்து நின்றேன், அதன்பின் அன்று முழுவதும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. அன்று மாலை நாங்கள் நடத்திய பேச்சில், இனி எல்லாரும் கவனமாக இருக்க வேண்டும் என்று ஒருவர் தொடங்கினார். கவனமாக இருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். அன்று காலையிலும் தெரிந்திருந்தது. நான்கு மணி நேரம் ஒரே வேலையைச் செய்த மனிதனிடம் ஐந்தாவது மணியிலும் அதே கவனத்தை எதிர்பார்த்ததில்தான் தவறு இருந்தது. அன்று மேடைப் பொறுப்பாளரும் இல்லை. அவர் தொலை மேடைக்குப் போயிருந்தார். மேடைக்கு ஆளை அனுப்பியவனும் நான், சாவியைப் போட்டவனும் நான். இடையில் கேள்வி கேட்க இரண்டாவது ஆள் இல்லாமல் போனதால், என் மறதி நேராகப் பொத்தானுக்குப் போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு வந்த மாற்றம் சிறியது. பெட்டியின் சாவியை ஒரு சிவப்பு நாடாவில் கோத்தோம். களம் திறந்திருக்கும் நேரம் முழுவதும் அந்தச் சாவி மேடைப் பொறுப்பாளரின் கழுத்தில் தொங்கும். அவர் கடைசி ஆளாக மேடைகளை விட்டு நடந்து வந்து, பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்து, சாவியை ஏவுபவரின் கையில் வைத்தால்தான் பெட்டிக்கு உயிர் வரும். இக்னைட்டர் பற்றாமல் போன ராக்கெட்டுக்கும் அதே வழி: சாவி கழன்று பொறுப்பாளரின் கழுத்துக்குப் போகும், 60 நொடி கழியும், அவரும் உரியவரும் சேர்ந்தே போவார்கள். தனியாக ஒருவரை அனுப்புவது கிடையாது. இன்னொரு சாவி இருக்கிறதா என்று புது உறுப்பினர்கள் சிலர் கேட்பதுண்டு. இருந்தது. உடைத்துப் போட்டுவிட்டோம்.

சாவியை எடுத்துவிட்டால் போதும் என்று நம்பிவிடவும் கூடாது என்பதால் ஒரு சின்ன விஷயத்தைச் சேர்த்துச் சொல்கிறேன். பெரிய பெட்டிகளில் மேடைக்கு அருகே மின்சாரத்தைத் திறந்து மூடும் ஒரு ரிலே இருக்கும். அதன் உள்முனைகள் அதிக மின்னோட்டத்தில் உருகி ஒட்டிக்கொண்டால், இங்கே பொத்தானை விட்டபின்னும் அங்கே மின்சாரம் நிற்காது. ஆகவே இக்னைட்டரில் மாட்டுவதற்கு முன் இரண்டு கிளிப்புகளையும் ஒன்றோடொன்று உரசிப் பார்க்க வேண்டும். பொறி வந்தால் அந்த மேடை அன்றைக்கு மூடப்பட்டது. இரண்டு நொடி வேலை. பதினோரு ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் பொறி வந்து பார்த்திருக்கிறேன், அந்த ஒரு முறை மாட்டப்படவிருந்தது ஐ மோட்டார்.

இனி ஆர்.எஸ்.ஓ. மேசைக்கு வருகிறேன். ஏவுநாளின் மிகக் கடினமான வேலை இதுதான் என்பது என் கருத்து, ஆனால் பார்வைக்கு மிக எளிதாகத் தெரிவதும் இதுவே. எங்களிடம் உள்ள மூத்தவர் ஒருவர் ராக்கெட்டை வாங்கியதும் முதலில் எதையும் கேட்கமாட்டார். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் கொண்டு ஒவ்வொரு வால் சிறகையும் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைப்பார். பசை விட்டிருந்தால் ஒரு மெல்லிய முறிகிற ஒலி கேட்கும், அதைக் காதை அருகில் வைத்துக் கேட்பார். பிறகு கூம்பைப் பிடித்து ராக்கெட்டைத் தூக்குவார். உடல் கழன்று விழுந்தால் கூம்பு தளர்வு. எவ்வளவு குலுக்கியும் வராவிட்டால் இறுக்கம், பாராசூட்டை வெளித்தள்ளும் மருந்து வெடித்தாலும் அது திறக்காது. கூம்பைக் கழற்றி, உடலோடு பிணைக்கும் கயிற்றை ஒரு இழு இழுப்பார். பாராசூட்டுக்குக் கீழே தீப்பிடிக்காத தாள் இருக்கிறதா என்று விரலை விட்டுத் துழாவுவார். கடைசியில்தான் ஆளைப் பார்த்து, "ஈர்ப்பு மையத்தைக் காட்டுங்கள், தம்பி" என்பார்.

ஈர்ப்பு மையம், காற்றின் விசை முழுவதும் குவிவதாகக் கொள்ளும் அழுத்த மையத்துக்கு முன்னால், குறைந்தது ராக்கெட்டின் ஒரு விட்டம் அளவாவது தள்ளி இருக்க வேண்டும். அப்படியிருந்தால்தான் ராக்கெட் சற்றுச் சாய்ந்தாலும் காற்று அதன் வாலைத் தள்ளி மறுபடி நேராக்கும். மோட்டார் இல்லாமல் வீட்டில் விரல்மேல் வைத்து அளந்து வந்தவர்கள் பலர். மோட்டாரைப் போட்டால் எடை பின்னால் போய், மையமும் பின்னால் நகர்ந்துவிடும். ஆகவே மோட்டாரோடு அளக்க வேண்டும். அடுத்தது எடைக் கணக்கு. சி6-5 என்று மோட்டாரின்மேல் எழுதியிருந்தால், சி என்பது மொத்த உந்துதலின் வகை, 6 என்பது நியூட்டனில் சராசரி உந்துவிசை, 5 என்பது எரிந்து முடிந்தபின் பாராசூட் மருந்து வெடிக்கும் வரை உள்ள நொடிகள். 100 கிராம் ராக்கெட்டின் எடை ஏறத்தாழ ஒரு நியூட்டன். 6 நியூட்டன் அதைத் தாராளமாகத் தூக்கும். எங்கள் மேசையில் சராசரி உந்துவிசை எடையைப்போல் ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். பெரிய மோட்டார்களுக்கான உயர்திறன் விதிகள் குறைந்தது மூன்று மடங்கு கேட்கின்றன. அமைதியான நாளுக்கு அது போதும் என்று வாதிடுகிறவர்கள் உண்டு, அவர்களோடு நான் வாதிடுவதில்லை, கையெழுத்தும் போடுவதில்லை. கம்பியை விட்டு மெதுவாகக் கிளம்புகிற ராக்கெட் காற்று வரும் திசைக்கே மூக்கைத் திருப்பும், அந்தத் திசையில் யார் நிற்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது.

இதெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியது, இரண்டு மூன்று ஏவுநாள்களில் பழகிவிடும். பழக முடியாமல் தவிப்பது, கூடாது என்று சொல்வது. சென்ற பருவத்தில் ஒரு பெண்குழந்தை தானே செய்த ராக்கெட்டைக் கொண்டுவந்தாள். ஆறு அடுக்கு வண்ணம், மேலே மினுமினுப்புப் பொடி, வால் சிறகு ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு தேக்கரண்டிப் பசை. எடை 180 கிராம். அதே சி6 மோட்டாரைப் போட்டால் மூன்றரை மடங்குகூட வரவில்லை. நான் கணக்கைத் தாளில் போட்டு அவளுக்கே காட்டினேன். அவள் கணக்கை ஒப்புக்கொண்டாள். அவளுடைய தாத்தாதான் ஒப்புக்கொள்ளவில்லை. "குழந்தை ரெண்டு மாசமா செஞ்சுது சார், ஒரு தடவை விட்டுடுங்களேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதே விட்டத்தில் டி மோட்டார் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தோம். இருந்தது சற்றுத் தடிமனானது, குழாயில் நுழையாது. கடைசியில் அவள் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள். அன்று என்னைக் கொடியவனாகப் பார்த்தவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள். அடுத்த முறை பெரிய குழாய் பொருத்திய அதே மினுமினுப்பு ராக்கெட் டி மோட்டாரில் ஏறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு மனம் ஆறாது.

குழந்தைக்குக் கூடாது என்று சொல்வதைவிடக் கடினம், தனக்கு ராக்கெட் கற்றுக்கொடுத்தவருக்குச் சொல்வது. அவர் முகத்துக்கு அஞ்சித்தான் பல கையெழுத்துகள் விழுகின்றன. வருடக்கணக்கில் பறக்கவிட்டவருக்குத் தெரியாதா என்று நாமே நமக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். இதற்காக எங்கள் சங்கத்தில் மூன்று ஏற்பாடுகள் செய்தோம். எந்த ஆர்.எஸ்.ஓ.வும் தன் ராக்கெட்டுக்குத் தானே கையெழுத்திட முடியாது. ஒரு ஆர்.எஸ்.ஓ. மறுத்த அட்டையை இன்னொருவரிடம் கொண்டுபோக முடியாது. அட்டையின் மூலையில் ஒரு கோடு போட்டிருக்கும், அதைப் பார்த்ததும் அடுத்தவர் கையை மடக்கிக்கொள்வார். ஐயம் இருந்தால் அந்த ஐயத்துக்குக் காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. இந்த மூன்றாவதைப் பொதுக்குழுவில் நிறைவேற்றுவதற்கு இரண்டு கூட்டங்கள் தேவைப்பட்டன. காரணம் சொல்லாமல் மறுப்பது சர்வாதிகாரம் என்றார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி அறுபது வயதுப் பொறியாளரிடம் காரணம் சொல்லத் தொடங்கினால், அவர் அதை மறுத்துப் பேசியே கையெழுத்து வாங்கிவிடுவார் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பொழுதுபோக்கு பிறந்ததே பாதுகாப்பு பற்றிய கவலையில் என்பதைப் புதியவர்களிடம் நான் தவறாமல் சொல்வதுண்டு. 1957-இல், ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்தில் பணியாற்றிய ஜி. ஹாரி ஸ்டைன், தாமே மருந்து இடித்து ராக்கெட் செய்யும் இளைஞர்கள் படும் காயங்களைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்தவர் நெப்ராஸ்கா மாநிலத்தின் நார்ஃபோக் ஊரில் காலணிக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல். அவர் ஏற்கெனவே காகிதக் குழாயும், தூக்கிப்போட்டு மாற்றக்கூடிய மோட்டாரும், பாராசூட்டும் கொண்ட சிறு ராக்கெட்டைச் செய்துவைத்திருந்தார். அதை ஸ்டைனுக்கு அனுப்பினார். அதே ஆண்டில் அமெரிக்கத் தேசிய ராக்கெட்ரி சங்கம் தொடங்கப்பட்டது. மருந்தை நாம் தொடக்கூடாது, தொழிற்சாலையில் செய்த மோட்டாரையே வாங்கிப் போட வேண்டும், மின்சாரத்தால் தொலைவிலிருந்துதான் பற்றவைக்க வேண்டும் என்ற விதிகளின் வேர் அங்கே இருக்கிறது. திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடினால் என்ன என்று கேட்கும் பையன்கள் இன்றும் வருகிறார்கள். திரியைப் பற்றவைத்தபின் மனம் மாற முடியாது, பொத்தானிலிருந்து விரலை எடுக்க முடியும் என்று சொல்வேன்; எனக்கு அது வெறும் விளக்கமாக இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஆள் சேர்ப்பதற்கு வருகிறேன். பல ஆண்டுகள் நான் செய்த பிழை, கூட்டத்தைப் பார்த்து "யாராவது உதவிக்கு வாருங்கள்" என்று ஒலிபெருக்கியில் கேட்டது. யாராவது என்று ஒருவர் நம் சங்கத்தில் இல்லை. வந்தவர்கள் எப்போதும் அதே ஐந்து பேர். அவர்களில் இருவர் மூன்றே ஆண்டுகளில் சங்கத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு ராக்கெட் விட நேரமே கிடைக்கவில்லை. இப்போது ஏவுநாளை ஒன்றரை மணி நேரத் துண்டுகளாகப் பிரித்து, துண்டுக்கு ஐந்து கட்டமுள்ள அட்டவணை ஒன்றைப் பத்து நாள் முன்னதாக அனுப்புகிறேன். "பதினொன்றரை முதல் ஒரு மணி வரை மேடைப் பொறுப்பு நீங்கள் பார்க்க முடியுமா, அண்ணா" என்று பெயர் சொல்லி, நேரம் சொல்லி, வேலை சொல்லிக் கேட்டால், பத்தில் ஏழு பேர் சரி என்கிறார்கள். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எவரும் பெட்டியின் முன் உட்காருவதில்லை. மாற்றிவிடுகிறவர் வராவிட்டால் களம் நிற்கும், உட்கார்ந்திருப்பவர் தொடரமாட்டார். முதல் இரண்டு முறை களம் உண்மையாகவே இருபது நிமிடம் நின்றது. மூன்றாவது முறை மாற்றுகிறவர் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து நின்றார்.

வேலைத் துண்டில் இருப்பவர் அந்த ஒன்றரை மணி நேரத்தில் தன் ராக்கெட்டை ஏற்றக்கூடாது என்பதும் விதி. அதற்கு ஈடாக, வேலை முடிந்து வருகிறவருக்கு அடுத்த சுற்றில் வரிசையில் நிற்காமலே ஒரு மேடை கிடைக்கும். சந்தாவில் தள்ளுபடி கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது; நான் அதை எதிர்த்தேன். காசுக்காக வருகிறவர் நாற்காலியில் உட்காருவார், களத்தைப் பார்க்கமாட்டார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. அது சரியா என்று சோதித்துப் பார்த்ததில்லை, சோதிக்கும் எண்ணமும் இல்லை.

எங்கள் மிகச் சிறந்த ஏவுபவர்கள் இருவரும் ராக்கெட் செய்யாதவர்கள். ஒருவர் உறுப்பினர் ஒருவரின் மனைவி, வருடக்கணக்கில் நிழலில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தவர். இன்னொருவர், அன்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து கத்திய அதே அம்மாள். ராக்கெட் மேல் ஆசையில்லாததால் இவர்கள் மேலே போவதைப் பார்த்து மெய்மறப்பதில்லை; எல்லாரும் அண்ணாந்து பார்க்கும்போது இவர்கள் தரையைப் பார்க்கிறார்கள். புதியவர்களைத் தனியாக உட்காரவைக்கும் முன் ஒரு துண்டு முழுவதும் இவர்களில் ஒருவர் பக்கத்தில் இருந்து பழக்குகிறார். பழக்கும்போது வேண்டுமென்றே ஒருமுறை சாவியில்லாமல் எண்ணச் சொல்வார்கள். எண்ணத் தொடங்குகிறவருக்கு இன்னொரு துண்டு பயிற்சி உண்டு.

காற்று, தீ, விமானம் ஆகிய மூன்றையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காற்று மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டினால் நிறுத்த வேண்டும் என்பது விதி, அதில் பேச்சுக்கு இடமில்லை. அதைக் கையில் காற்றளவி வைத்துக்கொண்டு பார்க்கும் ஒரு பெயர் அட்டவணையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மேகத்துக்குள் ராக்கெட்டை அனுப்புவதில்லை. வானத்தில் விமானத்தின் ஒலி கேட்டால் எண்ணிக்கை நின்றுவிடும், எந்தக் குழந்தையும் கையை உயர்த்தி நிறுத்தலாம். மேடைகளைச் சுற்றி உலர்ந்த புல்லைச் சுத்தமாகச் செதுக்கியிருப்போம், இருந்தும் தண்ணீர்க் குடமும் நனைத்த சாக்கும் மண்வெட்டியும் மேடைக்கு அருகில் இருக்கும். அவை இருந்தால் மட்டும் போதாது; புகை தெரிந்ததும் ஓடப்போகிற இருவர் யார் என்று காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாத நாளில் பதினைந்து பேர் ஓடினார்கள், களம் மூடப்படாமலே.

அதைவிட ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டியது, பாராசூட் திறக்காமல் இறங்கும் ராக்கெட்டைப் பற்றி. ஈட்டிபோல் வரும் அதை எவரும் எதிர்பார்ப்பதில்லை. எதிர்பார்க்க வேண்டியவர் ராக்கெட்டைப் பின்தொடரும் அந்த ஐந்தாவது ஆள். உச்சியில் பாராசூட் விரியாவிட்டால் அவர் தாமதிக்காமல் "மேலே பாருங்கள்" என்று கத்த வேண்டும், ஏவுபவர் அதை ஒலிபெருக்கியில் திரும்பச் சொல்ல வேண்டும், உட்கார்ந்திருக்கும் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும். உட்கார்ந்தபடி ஒதுங்க முடியாது, நின்றால் ஓர் எட்டு வைத்தாலே விலகிவிடலாம். மேசைக்கு அடியில் நுழையக் கூடாது என்பதைக் காலையில் ஒத்திகையாகவே செய்துபார்க்கிறோம். சிறுவர்களுக்கு ஏவுநாளில் மிகவும் பிடித்த நிகழ்ச்சி அதுவாகத்தான் இருக்கும்.

மிகவும் அஞ்ச வேண்டிய நேரம் கடைசி அரை மணி. களைப்பு, வெயில், வேலைத் துண்டு முடித்து மூட்டை கட்டுகிறவர்கள், அவர்களுக்கு நடுவில் இன்னும் ஒரே ஒன்று என்று அட்டையோடு ஓடி வருகிறவர். அவசரத்தில் மாட்டிய இக்னைட்டர் பற்றாது, அவசரத்தில் மடித்த பாராசூட் விரியாது. நான்கு மணிக்கு மூடுவது என்றால் மூன்றரைக்குப் பதிவு மேசையை மடக்கிவிடுகிறோம், அதற்குமேல் எழுத அட்டையே இருக்காது. தொலைந்த ராக்கெட்டைத் தேடிப் போகிறவர்கள் இருவர் இருவராகத்தான் போக வேண்டும், போகும் பக்கத்தைப் பதிவு மேசையில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மின்கம்பியில் தொங்குகிற ராக்கெட்டைக் கம்பு கொண்டு தட்டிப் பார்க்கலாமா என்று ஆண்டுக்கு ஒருவராவது கேட்கிறார். அது இனி மின்வாரியத்தின் ராக்கெட் என்று சொல்லி, அவருடைய அட்டையை நானே கிழித்துப்போட்டுவிடுவேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஏவுநாளுக்கான அட்டவணையில் இருபது கட்டங்களில் பதினேழு நிரம்பியிருக்கின்றன. காலியாக இருக்கும் மூன்றும் ஒரே துண்டில், மதியம் ஒன்று முதல் இரண்டரை வரை: தொலை மேடைப் பொறுப்பு, பின்தொடரும் ஆள், பதிவு மேசை. அதே நேரத்துக்கு ஒரு கே, இரண்டு எல் மோட்டார்களுக்கு முன்பதிவு வந்திருக்கிறது. வியாழக்கிழமை இரவுக்குள் அந்தக் கட்டங்களில் பெயர் விழாவிட்டால், அந்த ஒன்றரை மணி நேரமும் தொலை மேடைக்கான கம்பி வடத்தை வண்டியிலிருந்து இறக்கப்போவதில்லை என்று முன்பதிவு செய்த மூவருக்கும் நேற்று எழுதிவிட்டேன். அவர்களில் ஒருவர் இன்று காலை பதிவு மேசையை எடுத்துக்கொண்டார். இன்னும் இரண்டு.